வேட்டைக்காரர் காவலரானார்: தியோடர் ஹப்பேக்கின் வாழ்க்கை

மலாக்கா மாநிலச் சின்னத்தில் ஒரு மலாக்கா மரமும் இரண்டு சருகுமான்களும் இடம்பெற்றுள்ளன. பரமேஸ்வரா வேட்டைக்குச் சென்று ஒரு மரத்தடியில் ஓய்வெடுத்தபோது, அவருடைய வேட்டை நாயை ஒரு சருகுமான் எதிர்த்து உதைத்து ஆற்றில் தள்ளியதாம். அந்தச் சிறிய விலங்கின் துணிவைக் கண்டு வியந்த மன்னர் அவ்விடத்திலேயே தம் நகரை அமைத்தார் என்று செவிவழிக் கதை கூறுகிறது. மலாக்காவின் கதையே விலங்கைக் கண்டு மனம் மாறிய ஒரு வேட்டைக்காரரின் கதையாகத்தான் தொடங்குகிறது.

இன்று ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வாழும் மக்களுக்கும் வனவிலங்குகள் புதியவை அல்ல. காட்டுப்பன்றி இளஞ்செம்பனையின் குருத்தைத் தோண்டித் தின்கிறது. குரங்குகள் வீட்டுத் தோட்டத்து வாழையையும் மரவள்ளியையும் சூறையாடுகின்றன. உடும்பு கோழிக்குஞ்சைக் கவ்விச் செல்கிறது. உழைத்து வளர்த்த பயிர் ஓர் இரவில் அழிந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால், பயிரைத் தொட்ட விலங்கையெல்லாம் கொன்றுவிடலாமா? பயிரும் பிழைத்து விலங்கும் பிழைக்க வழி உண்டா?

சுமார் 90 ஆண்டுகளுக்கு முன்னரே இந்தக் கேள்வியை மலாயா முழுவதற்கும் சேர்த்து எழுப்பியவர் ஒருவர் உண்டு. அவர் தோட்டக்காரராக இருந்தவர். பெரிய விலங்குகளைச் சுட்டு வீழ்த்திய வேட்டைக்காரராகவும் இருந்தவர். பின்னாளில் அதே விலங்குகளுக்குக் காவலராக மாறினார். அவர்தான் தியோடர் ரத்போன் ஹப்பேக்.

இளமையும் மலாயா வருகையும்

ஹப்பேக் 1872ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அந்நகரின் மேயராகப் பணியாற்றியவர். தியோடர் இளமையில் கிரிக்கெட் விளையாட்டில் தேர்ந்து விளங்கினார். 1892ஆம் ஆண்டில் லங்காஷயர் அணிக்காகவும் ஆடினார். அவருடைய சகோதரர் ஆர்தர் பெனிசன் ஹப்பேக் ஒரு கட்டடக் கலைஞர். கோலாலம்பூரின் பழைய இரயில் நிலையமும் ஜாமெக் பள்ளிவாசலும் அவர் வடிவமைத்தவையே. ஒரு சகோதரரின் பெயர் நகரத்துக் கட்டடங்களில் நிலைத்தது. மற்றவரின் பெயர் காட்டோடு இணைந்தது.

1890களில் தியோடர் மலாயாவுக்கு வந்து சேர்ந்தார். அது இந்த நாட்டின் நிலத்தோற்றமே மாறத் தொடங்கிய காலம். 1896ஆம் ஆண்டில் தான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் இரப்பர் மரங்களை நட்டார். பின்னர், குனோங் லேடாங் மலையை அடுத்துள்ள புக்கிட் அசகானில் அதைவிடப் பெரிய தோட்டத்தை உருவாக்கினார். வணிக நோக்கிலான இரப்பர் பயிர்த்தொழில் மலாக்கா மண்ணில்தான் இவ்வாறு வேரூன்றியது. மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருக இரப்பருக்கான தேவையும் பெருகியது. மலாக்காவிலிருந்து நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பேரா, ஜொகூர் என எங்கும் தோட்டங்கள் பரவின. 1920களில் மலாயாவின் இரப்பர் நிலம் பத்து இலட்சம் ஏக்கரைக் கடந்துவிட்டது.

அந்த நிலத்தில் பெரும்பகுதி முன்பு காடாக இருந்தது. அந்தக் காட்டை வெட்டி, எரித்து, நிரை பிடித்துக் கன்று நட்டவர்களுள் பலர் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர். லயங்கள் பெரும்பாலும் காட்டோரத்திலேயே எழுந்தன. பெரட்டுக் களத்திற்கு விடியுமுன் நடந்த தொழிலாளிக்கும் அதே பாதையில் இரவில் நடந்த யானைக்கும் இடையே வேலி எதுவும் இல்லை.

துப்பாக்கி ஏந்திய நாள்கள்

ஹப்பேக்கும் நெகிரி செம்பிலானில் தோட்டத்தொழிலில் ஈடுபட்டார். அதனால், ஒரு தோட்டத்தின் வரவு செலவும் விலங்குகளால் நேரும் இழப்பும் அவருக்குப் பட்டறிவால் தெரிந்தவை. யானைக் கூட்டம் ஒன்று புகுந்தால் இளங்கன்றுகள் வேரோடு பிடுங்கப்படும். முள்ளம்பன்றி மரத்தின் அடிப்பட்டையைக் கடித்துப் பால்வெட்டையே கெடுக்கும். மானும் காட்டுப்பன்றியும் இளம்பயிரை மிச்சம் வைப்பதில்லை. ஏட்டில் மட்டும் விலங்குகளை நேசித்தவர் அல்லர் அவர்.

அக்காலத்து ஐரோப்பியர் பலரைப் போல ஹப்பேக்கும் வேட்டையில் பெருவிருப்பம் கொண்டிருந்தார். யானையையும் செலாடாங் எனப்படும் காட்டெருதையும் தேடி நெடும் பயணங்கள் மேற்கொண்டார். தம் வேட்டை அனுபவங்களை 1905ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பகாங் காடுகளில் மூன்று மாதங்கள் வேட்டையாடியதைப் பற்றி 1912ஆம் ஆண்டில் மற்றொரு நூல் எழுதினார். அலாஸ்கா வரை சென்று வேட்டையாடி, அதைப் பற்றியும் 1929ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார்.

வேட்டை என்பது துப்பாக்கியின் விசையை அழுத்துவது மட்டுமன்று. விலங்கின் தடத்தைப் படிக்க வேண்டும். காற்றின் திசையை அறிய வேண்டும். எது எங்கே மேயும், எப்போது நீர் அருந்தும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். காட்டில் உப்புச் சுனைகள் உண்டு. தாவரம் உண்ணும் விலங்குகள் தம் உடலுக்குத் தேவையான தாதுக்களைப் பெற அச்சுனைகளை நாடி வரும். யானை, காட்டெருது, காண்டாமிருகம், பன்றித்தகர், மான் ஆகிய அனைத்தும் அங்குக் கூடும். வேட்டைக்காரர்களுக்கும் இந்த உண்மை தெரியும். சுனையருகே மறைந்திருந்தால் காட்டையெல்லாம் அலைய வேண்டியதில்லை அல்லவா?

இப்படிக் காட்டைக் கற்ற கண்களுக்குத்தான் காடு குறைந்து வருவதும் முதலில் தெரிந்தது. முன்பு தடங்கள் நிறைந்திருந்த இடத்தில் தடம் இல்லை. முன்பு காடாக இருந்த இடத்தில் இரப்பர் வரிசைகள் நின்றன. குறிப்பாக, இரட்டைக் கொம்புக் காண்டாமிருகம் அருகி வந்தது. அதன் கொம்பு மருந்துக்கென மிகுந்த விலைக்கு விற்கப்பட்டது. வேட்டைக்காரராக எந்த விலங்குகளை நாடிச் சென்றாரோ, அவை இல்லாமலே போய்விடும் காலம் வருவதை ஹப்பேக் உணர்ந்தார்.

காவலர் பணி

1920களில் ஹப்பேக்கின் வாழ்க்கை திசை மாறியது. அவர் பகாங்கில் வனவிலங்குக் காவலர் பொறுப்பை ஏற்றார். பின்னர், கூட்டு மலாய் மாநிலங்களின் தலைமை வனவிலங்குக் காவலராகவும் விளங்கினார். அவருடைய முயற்சியால் 1925ஆம் ஆண்டில் பகாங்கின் குனோங் தாஹான் மலைப்பகுதியில் ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீட்டர் பரப்பளவு வனவிலங்குக் காப்பகமாக ஒதுக்கப்பட்டது.

இருப்பினும், காப்பகம் அமைப்பதோடு பணி முடிந்துவிடவில்லை. கடினமான சிக்கல் காட்டுக்குள் இல்லை. காடும் தோட்டமும் சந்திக்கும் எல்லையில்தான் இருந்தது. வனவிலங்குகளைக் காக்கச் சட்டங்கள் இருந்தன. அதே வேளையில், பயிரைக் காக்கும் பொருட்டு விலங்கைக் கொல்வதற்கு அச்சட்டங்கள் இடமும் தந்தன. பயிரை இழப்பவருக்கு அந்த உரிமை வேண்டும்தானே என்று நமக்குத் தோன்றும். அந்த வாசல் வழியே வேறு சிலரும் நுழைந்தனர் என்பதை ஹப்பேக் கண்டார். இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் கொம்புக்காகவும் வேட்டைச் சுகத்திற்காகவும் கொன்றவர்கள்கூடப் பயிரைக் காக்கவே கொன்றதாகக் கூறித் தப்பிக்க முடிந்தது. சட்டத்தின் சலுகை ஏழை விவசாயிக்குப் பயன்பட்டதைவிட, அவன் பெயரைச் சொல்லி வேட்டையாடியவர்களுக்கே மிகுதியாகப் பயன்பட்டது.

மறுபுறம், தோட்ட முதலாளிகள் பலர் அவருடைய கருத்தை ஏற்கவில்லை. மலாயாவின் செல்வம் இரப்பரிலும் ஈயத்திலும் இருக்கிறது. யானைக்கும் காட்டெருதுக்கும் இடம் கொடுத்தால் வளர்ச்சி தடைபடும் என்று அவர்கள் எண்ணினர். சிறு விவசாயியின் நிலை அதைவிடக் கடினமானது. பெரிய தோட்டம் ஒரு நிரையை இழந்தாலும் தாங்கிக்கொள்ளும். சிறு நிலத்தை மட்டுமே நம்பியிருக்கும் குடும்பத்தால் அவ்வாறு தாங்கிக்கொள்ள முடியுமா? விலங்குகளைக் காக்க விரும்பும் எவரும் இக்கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

வனவிலங்கு ஆணையம்

1930ஆம் ஆண்டில் மலாயா வனவிலங்கு ஆணையம் அமைக்கப்பட்டு, அதன் பொறுப்பு ஹப்பேக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. தோட்டக்காரர்கள், விவசாயிகள், அதிகாரிகள், வேட்டைக்காரர்கள் எனப் பல தரப்பினரின் கருத்துகளும் திரட்டப்பட்டன. விலங்குகளால் வேளாண்மைக்கு நேரும் சேதமும், மனிதனால் விலங்குகளுக்கு நேரும் அழிவும் ஒருங்கே ஆராயப்பட்டன. ஆணையத்தின் அறிக்கை 1932ஆம் ஆண்டில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது.

அந்தக் காலச்சூழலையும் நாம் நினைவில் கொள்ள வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தால் இரப்பர் விலை அதலபாதாளத்திற்கு வீழ்ந்திருந்தது. தோட்டங்கள் ஆள்குறைப்புச் செய்தன. ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையிழந்து தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். மனிதர்களே வாழ வழியின்றித் தவித்த நேரத்தில் விலங்குகளின் வாழ்வைப் பற்றிப் பேசுவது எளிதன்று. அரசாங்கமும் செலவைக் குறைப்பதிலேயே கருத்தாக இருந்தது. ஆதலால், அறிக்கையின் பரிந்துரைகள் உடனடியாகச் செயல்வடிவம் பெறவில்லை.

ஹப்பேக்கின் சிந்தனையை இரண்டு பகுதிகளாகப் புரிந்துகொள்ளலாம். முதலாவது, விலங்குகளுக்கென்று நிலையான பெரிய இடம் வேண்டும். நாளைக்கு ஒரு தோட்டத்திற்காகவோ சுரங்கத்திற்காகவோ எளிதில் பறிக்க முடியாத உறுதி அந்த இடத்திற்கு இருக்க வேண்டும். யானை தன் காட்டில் உணவும் நீரும் உப்பும் பெற்றால், அது தோட்டத்தை நாடி வரும் தேவை குறையும். எனவே, காட்டைக் காப்பது தோட்டத்தைக் காப்பதும் ஆகும்.

இரண்டாவது, பயிர்ச் சேதம் ஏற்படும்போது அதைத் தடுக்கும் பொறுப்பு பயிற்சி பெற்ற காவலர்களிடம் இருக்க வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் கண்ணில் பட்ட விலங்கைச் சுடுவதால் பயன் இல்லை. பெரும்பாலும் ஒரு கூட்டத்தில் சில விலங்குகளே மீண்டும் மீண்டும் பயிரைத் தேடி வருகின்றன. தொல்லை தரும் விலங்கு எது என்று அறிந்து அதை விரட்டவோ, வேறு வழியே இல்லாவிட்டால் அதை மட்டும் கொல்லவோ தெரிந்தவர் வேண்டும். பாதி உயிரோடு காயம்பட்டுத் தப்பும் யானை முன்பைவிட ஆபத்தானது என்பதை வேட்டைக்காரரான ஹப்பேக் நன்கு அறிந்திருந்தார்.

தேசியப் பூங்கா உருவானது

அறிக்கை வெளிவந்த பிறகும் ஹப்பேக் ஓய்ந்துவிடவில்லை. குனோங் தாஹான் மலையைச் சுற்றியுள்ள காடு பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களிலும் பரவியிருந்தது. ஒரு மாநிலம் மட்டும் காத்தால் போதாது. யானைக்கு மாநில எல்லை தெரியாதே! அதனால், மூன்று மாநிலங்களின் சுல்தான்களிடமும் அவர் வேண்டுகோள் விடுத்தார். அவர்களும் தம் நிலத்தில் ஒரு பகுதியைப் பொதுநலனுக்காக ஒதுக்க இசைந்தனர்.

1938, 1939ஆம் ஆண்டுகளில் மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றின. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பளவுள்ள ஒரே பெரும் பூங்கா உருவானது. அன்றைய வழக்கப்படி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. நாடு விடுதலை பெற்ற பிறகு, அது தேசியப் பூங்கா எனப் பொருள்படும் தாமான் நெகாரா என்னும் பெயரைப் பெற்றது. மலாக்கா மாநிலத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் பெரிய அந்தக் காட்டில் இன்றும் யானை, புலி, பன்றித்தகர், காட்டெருது ஆகியவை வாழ்கின்றன. பாத்தேக் எனப்படும் பூர்வகுடி மக்களும் அங்குத் தம் வாழ்வைத் தொடர்கின்றனர்.

தம் கனவு நிறைவேறியதைக் கண்ட ஹப்பேக், அதன்பின் நெடுநாள் வாழவில்லை. ஜப்பானியப் படை மலாயாவைக் கைப்பற்றிய 1942ஆம் ஆண்டில் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 70.

அவர் விட்டுச் சென்ற பாடம்

ஹப்பேக்கை நாம் குறையற்றவராகக் கருத வேண்டியதில்லை. அவர் காலனித்துவ ஆட்சிக் காலத்தின் மனிதர். அவர் எத்தனையோ விலங்குகளைக் கொன்றவர். தோட்டத்திற்காகக் காட்டை அழித்த ஆட்சியும் காப்பகம் அமைத்த ஆட்சியும் ஒன்றுதான். ஆனாலும், தாம் செய்துவந்ததின் விளைவைக் கண்டபோது அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. தமக்குத் தெரிந்த காட்டறிவை விலங்குகளைக் காக்கப் பயன்படுத்தினார். எதிர்ப்பு வந்தபோதும், பணமில்லை என்று அரசு தயங்கியபோதும் பத்தாண்டுகளுக்கும் மேலாகப் போராடினார்.

அவர் எழுப்பிய கேள்வி இன்றும் உயிரோடு இருக்கிறது. 1974ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் வனவிலங்குத் துறை, தோட்டங்களுக்குள் புகும் யானைகளைப் பிடித்து இடமாற்றம் செய்து வருகிறது. அவ்வாறு பிடிபட்ட யானைகளுள் பல, தாமான் நெகாராவில்தான் விடப்பட்டன. ஹப்பேக் போராடிப் பெற்ற காடு இல்லாதிருந்தால் அவற்றை எங்கே கொண்டு செல்வது? யானைகள் நடமாடும் வட்டாரங்களில் தோட்டங்களைச் சுற்றி மின்வேலிகளும் அமைக்கப்படுகின்றன. அந்த வேலியில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய்வதால், யானை அதிர்ச்சியுற்றுத் திரும்புமே தவிர சாவதில்லை. ஆனால், வேலியோரம் வளரும் புல்லையும் செடியையும் அவ்வப்போது வெட்டாவிட்டால் மின்சாரம் வீணாகக் கசிந்துவிடும். கருவி எதுவானாலும் அதைப் பேணும் மனிதரின் அக்கறையே அதற்கு உயிர்.

மலாக்காவின் தோட்டங்களில் யானைத் தொல்லை பெரிதாக இல்லாமல் இருக்கலாம். ஆயினும், ஹப்பேக்கின் பாடம் இங்கும் பொருந்தும். செம்பனைத் தோட்டத்தின் பெரும் பகை எலி. அது பழக்குலையைக் கடித்து எண்ணெய் விளைச்சலைக் குறைக்கிறது. எலியைப் பிடிக்கத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூடுகள் அமைக்கும் வழக்கம் நம் நாட்டில் பரவியுள்ளது. ஒரு கூகை இணை தன் குஞ்சுகளோடு சேர்ந்து ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளைத் தின்னக்கூடியது. இப்பறவையின் அலறலைக் கேட்டாலே அபசகுனம் என்று நம் வீடுகளில் அஞ்சுவதுண்டு. உண்மையில் அது கூலி கேட்காத இரவுக் காவலாளி. கடுமையான எலி நஞ்சை வைத்தால், அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் மடியும். காவலாளி மடிந்தபின் எலிகள் மீண்டும் பெருகும். நஞ்சுக்கு மீண்டும் பணம் செலவாகும்.

காட்டுப்பன்றியின் கதையும் இத்தகையதே. அதைப் பிடிக்கக் கம்பிக் கண்ணி வைப்போர் உண்டு. கண்ணிக்குக் கண் இல்லை. அது பன்றியையும் சருகுமானையும் புலியையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி கண்ணி வைப்பது குற்றமாகும். காட்டில் பன்றியின் தொகையைக் கட்டுக்குள் வைத்திருப்பது புலி. நம் நாட்டில் எஞ்சியுள்ள புலிகளோ 150க்கும் குறைவு என்று 2022ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட கணக்கெடுப்பு தெரிவித்தது. சேதம் மிகும்போது வனவிலங்குத் துறையிடம் முறையிட்டுச் சட்டப்படி உதவி பெறுவதே நேரிய வழி. பயிற்சி பெற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஹப்பேக் அன்று வலியுறுத்தியதும் இதைத்தான்.

விவசாயிகளே விலங்கினத்தின் காவலர்களாக விளங்க முடியும் என்பதற்குத் தமிழகத்திலும் ஒரு சான்று உண்டு. செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல் ஏரியில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீர், வயலுக்கு உரமாகப் பாய்கிறது. அதை உணர்ந்த ஊர்மக்கள், சட்டம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே பறவைகளைச் சுட வந்தவர்களைத் தடுத்து நிறுத்தினர். பறவையால் வயல் செழித்தது. வயலை உழுதவர்களால் பறவை பிழைத்தது.

எல்லா விலங்கும் இப்படி நேரடிப் பயன் தருவதில்லை. சில விலங்குகளால் இழப்பும் உண்டு. அந்த இழப்பை ஏழை விவசாயி மட்டும் சுமக்க வேண்டும் என்று சொல்வது அறமன்று. அதே போல், இழப்பைக் காரணம் காட்டி ஓர் இனத்தையே அழிப்பதும் அறமன்று. காலம் கடந்தபின் வருந்திப் பயனில்லை. ஹப்பேக் கவலைப்பட்ட இரட்டைக் கொம்புக் காண்டாமிருகத்தின் கதை இதற்குச் சான்று. ஒரு காலத்தில் மலாயாக் காடுகளில் வாழ்ந்த அவ்விலங்கு, தீபகற்பத்திலிருந்து மறைந்தது. மலேசியாவில் எஞ்சியிருந்த கடைசிக் காண்டாமிருகமும் 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சபாவில் இறந்தது. அதைப் படத்தில் மட்டுமே காணும் முதல் தலைமுறை நாம்.

காண்டாமிருகத்தைக் காக்க முடியாமற் போனது. ஆனால், யானையும் புலியும் பன்றித்தகரும் காட்டெருதும் இன்னும் நம்மிடையே உள்ளன. அவை வாழும் பெருங்காடு ஒன்று இன்றும் வெட்டப்படாமல் நிற்கிறது. வேட்டைத் தடத்தைத் தேடிக் காட்டுக்குள் சென்ற ஒருவர், அங்குக் கண்ட உண்மைக்காகத் தம் வாழ்வின் பிற்பகுதியைச் செலவிட்டதும் அதற்கு ஒரு காரணம். அவர் தொடங்கிய பணியில் தோட்டத்துக்கும் பங்கு உண்டு, சிற்றூருக்கும் பங்கு உண்டு. கூகைக் கூட்டைக் கலைக்காமல் விடும் மாணவருக்கும் பங்கு உண்டு.